எழுபத்தேழாவது காவலாளி

அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் சூசைமாணிக்கம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கதையா, சுடுவதா. இரண்டில் ஒன்று.

கோயம்புத்தூரில் பீளமேட்டுப் பக்கம், மோட்டார் பம்பு விற்கும் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறவர்கள். இரண்டு வருஷமாக அவர்கள் செய்துகொண்டிருந்தது ‘கருந்தீவு’ என்று ஒரு துப்பாக்கி விளையாட்டு. சேந்தன் என்று ஒருவன். அவனுடைய அண்ணனைக் கடல் நடுவே ஒரு தீவுக் கோட்டையில் அடைத்து வைத்திருக்கிறார்கள். சேந்தன் தனியாளாகப் போய், மறிக்கிற காவலாளிகளைச் சுட்டுத் தள்ளி, அண்ணனைக் கூட்டி வரவேண்டும். விளையாடுகிறவர்தான் சேந்தன். காவலாளிகள் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பேர்.

கதை எழுதியவர் சூசைமாணிக்கம். வயசு ஐம்பத்தொன்று. தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர். மாதா கோயில் திருவிழாவுக்கு இருபத்தாறு வருஷம் நாடகம் எழுதிப் போட்டவர். அவர் நாடகத்தில் கடைசிக் காட்சி வந்தால் பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மைக்கில் கேட்கும். அதைக் கேள்விப்பட்டுத்தான் கம்பெனி முதலாளி மயில்சாமி அவரை அழைத்து வந்தார்.

சுடுவதற்கு நடுநடுவே பதினோரு இடத்தில் ஆட்டம் நிற்கும். சினிமா மாதிரி ஒரு காட்சி ஓடும். சேந்தன் பேசுவான், அழுவான், அண்ணனை நினைப்பான். அந்தப் பதினோரு காட்சியும் சூசைமாணிக்கத்தின் பிள்ளைகள்.

தீவைக் கட்டியவள் மெஹராஜ் பானு. பாறை எங்கே, படி எங்கே, எந்தக் காவலாளி எந்த மூலையில் நிற்கவேண்டும், எல்லாம் அவள் யோசனை. முப்பத்துமூன்று வயசு. அதிகம் பேசமாட்டாள். தன்னைவிடப் பதினெட்டு வயசு இளையவளை சூசைமாணிக்கம் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அது விளையாட்டுக்கு வந்த பேர் இல்லை.

வந்த புதிதில் தன் முதல் காட்சியை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார். அவள் ஒரு படி சின்ன வெங்காயத்தை அவர் முன்னால் கொட்டினாள்.

“உரிங்கண்ணா. நான் படிக்கறேன்.”

அவர் உரித்தார். அவள் படித்தாள். முடித்ததும் கேட்டாள்.

“சேந்தனோட அண்ணன் பேரை மாத்திப் படிச்சேன். கவனிச்சீங்களா?”

அவர் கவனிக்கவில்லை. தானே எழுதியது, தானே வைத்த பேர்.

“விளையாடறவங்க கை சும்மா இருக்காதுண்ணா” என்றாள். அவ்வளவுதான் பாடம். அன்றையிலிருந்து அவர் சிஷ்யன்.

ஆட்டம் ஒரு உருவத்துக்கு வந்ததும், வெளியே இருந்து அறுபது பேரை வரவழைத்து விளையாட விட்டார்கள். விளையாடி முடித்தவர்கள் ஆளுக்கொரு தாளில் அபிப்பிராயம் எழுதவேண்டும். முப்பத்தெட்டு பேர் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். அவர்களும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

மயில்சாமி அந்தத் தாள் கட்டை சூசைமாணிக்கத்தின் மேசையில் வைத்தார்.

“படிச்சுப் பாருங்க, நாடகக்காரரே. ஒரு பாதி ஆளு கதை எதுக்குங்கறான். இன்னொரு பாதி ஆளு இத்தனை ரத்தம் எதுக்குங்கறான். ரெண்டு பேருமே பாதியில எந்திரிச்சுப் போயிட்டான். கதையை எடுத்துட்டா சுடறது சுத்தமா நிக்கும். சுடறதைக் கொறச்சா கதை நிக்கும். ரெண்டையும் வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுங்க?”

“எதை எடுக்கச் சொல்லுதீங்க?”

“எழுதினது நீங்க. நீங்களே சொல்லுங்க. நாளைக்குச் சாயந்திரம் அஞ்சு மணி.”

ராத்திரி வீட்டுக்கு எடுத்துப்போய் அறுபது தாளையும் படித்தார். கதை சொன்னால் தூக்கம் வருகிறது, சுட விடுங்கள் என்று ஒருவன். சேந்தன் வாயைத் திறந்தாலே தாண்டும் பட்டனைத் தேடினேன் என்று ஒருவன். அண்ணன் தம்பி பாசம் அருமை, ஆனால் சுடும்போது மண்டை சிதறுவதைக் காட்டத்தான் வேண்டுமா என்று ஒரு பெண். ரத்தம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் தெறிக்கட்டும் என்று அவளுக்கு அடுத்த தாள்.

ஒரு தாள் மட்டும் அவரைத் தூங்க விடவில்லை. ‘காட்சியில் அழுகிறான். அடுத்த நிமிஷம் நாற்பது பேரைச் சுடுகிறான். இவன் அழுகையை நான் எப்படி நம்புவது?’

காலையில் பானு வந்து பையை வைப்பதற்குள் எதிரில் போய் நின்றார்.

“டீச்சர், ஒரு கேள்வி.”

“சொல்லுங்கண்ணா.”

“இந்த ஆட்டத்துக்கு வாறவன் கதைக்கு வாறானா, கொல்லுததுக்கு வாறானா?”

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். மூடினாள்.

“தாளெல்லாம் படிச்சீங்களா?”

“அறுபதும்.”

“என்ன தெரிஞ்சுது?”

“ஆளுக்கொண்ணு சொல்லுதான். நானும் ஒண்ணு சொல்லுதேன். எனக்குச் சுடுததே பிடிக்கல டீச்சர். இருவத்தாறு வருசம் நாடகம் போட்டிருக்கேன். ஒருத்தன் செத்தாம்னா அவனுக்குன்னு அரை மணி நேரம் மேடை இருக்கும். இங்க ஒருத்தன் விழுந்து முடியுததுக்குள்ள அடுத்தவன் விழுதான். எண்ணி முடியல. பாதிக் காவலாளியை எடுத்துட்டு என் கதையை நிக்க விடுங்கன்னு சொல்லிரலாம்னு இருக்கேன்.”

“நீங்க விளையாடிப் பாத்திருக்கீங்களா?”

சூசைமாணிக்கம் சிரித்தார். “எனக்கென்ன டீச்சர் தெரியும்? நான் எழுதுதவன்.”

“பதினோரு மணிக்கு ஒருத்தர் வர்றார். வந்து பின்னாடி உக்காருங்க. ஒரு வார்த்தை பேசக்கூடாது.”

வந்தவன் சபரிநாதன். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அன்றைக்கு மத்தியான ஷிப்டு. சுட விடுங்கள் என்று எழுதிவிட்டுப் பாதியில் போனவர்களில் இவனும் ஒருவன். பானுதான் போன் பண்ணி, முதலிலிருந்து மறுபடி ஆடிப் பார்க்கக் கூப்பிட்டிருந்தாள்.

“அக்கா, அந்த அழுவாச்சி சீனெல்லாம் எடுத்தாச்சா?”

“இன்னும் இல்ல.”

“எடுங்கக்கா. சேந்தன் அழுதா எனக்குக் கொட்டாவி வருது. எழுதினவர் எந்த ஊர்க்காரரோ தெரியல, வீட்ல ரொம்ப அடி போல.”

சூசைமாணிக்கம் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தார். பானு உதட்டில் விரல் வைத்தாள்.

சபரிநாதன் ஆடத் தொடங்கினான். அடேயப்பா, அது ஒரு கைதான். பாறைக்குப் பின்னால் பதுங்குவான், காது கொடுப்பான், எழுவான், சுடுவான், மறுபடி பதுங்குவான். இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தால் பின்னால் வருகிறவனை முதலில் வீழ்த்துவான். “வாடி மாப்ளே” என்பான். “போய்ட்டு வா” என்பான். விழுந்தவன் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. திரையின் ஓரத்தில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. கோட்டை வாசலுக்கு வெளியே நிற்பவர்கள் எழுபத்தேழு பேர். எல்லோரும் விழுந்தால்தான் வாசல் திறக்கும். பானு அப்படித்தான் கட்டியிருந்தாள்.

மீதி ஐந்து. மீதி மூன்று. மீதி ஒன்று.

அந்த ஒருவன் வாசலை ஒட்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றான். மற்றவர்களைப் போலத்தான் இருந்தான். அதே காக்கி உடுப்பு, அதே தொப்பி. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான். கை இடுப்புக்குப் போனது. துப்பாக்கி எடுக்கிற கை.

இடுப்பில் ஒன்றும் இல்லை.

கை மறுபடி துழாவியது. இல்லை. மூன்றாம் தடவையும் துழாவியது. பிறகு கை தொங்கிவிட்டது. அவன் ஓடவில்லை. கத்தவில்லை. சேந்தனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அறையில் அதுவரை மழை மாதிரி விழுந்துகொண்டிருந்த பட்டன் சத்தம் நின்றுபோனது.

சபரிநாதன் இடப்பக்கம் நகர்ந்தான். காவலாளியின் முகம் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் போனான். முகம் வலப்பக்கம் வந்தது. கிட்டே போனான். முகம் லேசாக நிமிர்ந்தது.

“டேய்” என்றான் சபரிநாதன். “டேய், எடுடா. இந்தத் தடவையாவது எடுத்துச் சுடுடா.”

அவன் எதை எடுப்பான்?

பிறகு சூசைமாணிக்கம் கண்டதை அவர் அதற்கு முன்னால் எங்கேயும் கண்டதில்லை. சேந்தனின் துப்பாக்கி முனை மெல்ல மெல்லத் தாழ்ந்து தரையைப் பார்த்தது. சேந்தன் முழங்காலை மடக்கிக் குனிந்தான். எழுந்தான். மறுபடி குனிந்தான். எழுந்தான்.

இந்த மாதிரி ஆட்டம் ஆடுகிறவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம் உண்டு. எங்கோ ஒரு ஊரில் இருந்துகொண்டு எதிரில் வந்து நிற்கிறவனிடம் பேச வாயில்லை, பாஷையும் தெரியாது. முனையைத் தாழ்த்தி இரண்டு தரம் குனிந்து எழுவார்கள். நான் சுடமாட்டேன், நீயும் சுடாதே. ஆளும் ஆளும் ஆடும்போது செய்வது அது. இந்தக் காவலாளி ஆள் இல்லை. மிஷின் ஆட்டுகிற பொம்மை. அது சபரிநாதனுக்குத் தெரியாதா என்ன? ராவும் பகலும் ஆடுகிறவன். தெரிந்தும் அந்தப் பொம்மையிடம் குனிந்து எழுந்தான்.

அது பதில் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே நின்றது.

ஒரு நிமிஷம் போயிருக்கும். இரண்டு நிமிஷம்கூட இருக்கலாம். சபரிநாதன் காதில் இருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தான்.

“நேரமாச்சுக்கா. ஷிப்டுக்குப் போகணும்.”

“இன்னும் முக்கால் மணி நேரம் இருக்குதே தம்பி.”

“பஸ் கிடைக்காதுக்கா.”

தாளை எடுத்து எழுதினான். எழுதிக் கொடுத்துவிட்டுக் கதவு வரைக்கும் போனவன் நின்று திரையை ஒரு தரம் பார்த்தான். அந்தக் காவலாளி அப்போதும் நின்றுகொண்டிருந்தான்.

அவன் போன பிறகு சூசைமாணிக்கம் தாளை வாங்கிப் படித்தார். ‘கதை ரொம்ப இழுவை. சுடுறது ஓகே.’

“டீச்சர்.”

“சொல்லுங்கண்ணா.”

“இவன் இதை எழுதலயே.”

“யாரும் எழுதலண்ணா. எந்திரிச்சுப் போனாங்களே முப்பத்தெட்டு பேர், எல்லாரும் இங்கதான் எந்திரிச்சாங்க. பின்னாடி உக்காந்து நான் பாத்துட்டு இருந்தேன். ஒருத்தர்கூட எழுதல.”

“மீதி இருவத்திரண்டு பேரு?”

“சுட்டாங்க. கொஞ்ச நேரம் நின்னுட்டுச் சுட்டாங்க.”

இவ்வளவு பெரிய இடத்தை இவள் எப்படிக் கட்டினாள்! சூசைமாணிக்கம் எழுந்து நின்று கையைக் குவித்தார்.

“என்ன மூளை டீச்சர் உங்களுக்கு! நான் பதினோரு காட்சி எழுதினேன். நீங்க ஒருத்தன் கையில துப்பாக்கி கொடுக்காம விட்டுட்டீங்களே.”

“நான் விடலண்ணா.”

“பொறவு?”

அவள் தன் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலைத் திறந்தாள். அது சூசைமாணிக்கம் எழுதிக் கொடுத்த பட்டியல். ஒவ்வொரு காவலாளிக்கும் பேர் இல்லை, எண் உண்டு. எண்ணுக்கு நேரே அவன் நிற்கும் இடம், அவன் குணம், அவன் கையில் இருக்கும் ஆயுதம். எழுபத்தைந்து, நீளத் துப்பாக்கி. எழுபத்தாறு, கைத்துப்பாக்கி. எழுபத்தேழுக்கு நேரே ‘மேற்படி’ என்று எழுதியிருந்தது.

அவருக்கு அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. வரிசையாக எழுதி எழுதி விரல் ஓய்ந்துபோய், டீ வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட, ஒரே ஒரு வரியில் மட்டும் கை பழக்கத்தில் மேற்படி என்று போட்டுவிட்டு எழுந்து போனார். நாடகத்துக்குச் சாமான் பட்டியல் எழுதும்போது அப்படித்தான் போடுவார். மேலே உள்ளதுதான் கீழேயும். படிக்கிற யாருக்கும் அது புரியும்.

மிஷினுக்குப் புரியவில்லை. மேற்படி என்று ஒரு ஆயுதம் அதனிடம் இல்லை. வெறுங்கையோடு அவனைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

“கோளாறு எல்லாம் எழுதுத பட்டியல்ல நீங்க இதை எழுதலயா டீச்சர்?”

“மூணு தரம் எழுத உக்காந்தேன்.”

அவள் எழுந்து தன் நாற்காலியை அவருக்கு விட்டாள். கன்ட்ரோலரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“நீங்க ஆடுங்க.”

“நானா?”

“அஞ்சு மணிக்குப் பதில் சொல்லணுமே.”

மணி பன்னிரண்டரை.

சூசைமாணிக்கம் ஆடிய கூத்தை என்னவென்று சொல்ல. நடக்கச் சொன்னால் சேந்தன் வானத்தைப் பார்த்தான். பார்க்கச் சொன்னால் குதித்தான். கடலில் விழுந்து செத்தான். முதல் காவலாளி சுட்டுச் செத்தான், இரண்டாம் காவலாளி சுட்டுச் செத்தான், சொந்தக் குண்டையே காலடியில் போட்டுக்கொண்டு செத்தான். ஒவ்வொரு தடவையும் பானு ஒரு பட்டனை அமுக்கி எழுப்பி விட்டாள்.

“இன்னும் எத்தனை பேரு டீச்சர்?”

“எழுபத்தொண்ணு.”

“மாதாவே!”

மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தார். இரண்டு மணிக்குக் கை ஒருவாறு படிந்தது. பாறைக்குப் பின்னால் பதுங்கத் தெரிந்தது. மூன்று மணிக்குக் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்று காது சொன்னது. ஒருத்தன் விழுந்தபோது அவரை அறியாமல் வாயில் வந்தது, “போடே அங்குட்டு!” சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். பானு எதையும் கேட்காதவள் மாதிரி இருந்தாள்.

நடுவே அவர் எழுதிய காட்சிகளும் வந்தன. சேந்தன் நிலாவைப் பார்த்து அண்ணனைக் கூப்பிட்டான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவருடைய கட்டைவிரல் சும்மா இருக்கவில்லை. பட்டன்மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

நாலரைக்கு மீதி ஒன்று.

தொட்டிப் பக்கம் திரும்பினார். அவன் இருக்கிற இடம் அவருக்குத் தெரியும். கை வெறுங்கை என்பதும் தெரியும். அவனை உண்டாக்கினதே அவர்தான். சுடக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் திரும்பினார்.

காலடிச் சத்தம் கேட்டு அவன் விசுக்கென்று திரும்பினான். கை இடுப்புக்குப் போனது.

நான்கு மணி நேரமாக இடுப்புக்குப் போன கை ஒவ்வொன்றும் அவரைச் சுட்டிருக்கிறது. சூசைமாணிக்கத்தின் விரல் அமுங்கிவிட்டது.

சத்தம் கேட்டது. காவலாளி தொட்டியைப் பிடிக்கப் பார்த்தான். பிடி கிடைக்கவில்லை. சரிந்தான். முகம் மட்டும் கடைசிவரைக்கும் அவர் பக்கமே இருந்தது.

திரையின் ஓரத்தில் மீதி சைபர். கோட்டை வாசல் கிரீச்சென்று திறந்தது.

உடனே ஏழாவது காட்சி ஓடத் தொடங்கியது. பதினோரு காட்சியில் அவருக்கு உயிரான காட்சி. பதினொரு நாள் உட்கார்ந்து எழுதியது. ஊரில் மாதா கோயில் பங்குச்சாமியிடம் படித்துக் காட்டியபோது சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சேந்தன் வாசல்படியில் உட்கார்ந்து தன் இரண்டு கையையும் விரித்துப் பார்க்கிறான்.

“அண்ணா, இந்தக் கை உன்னைத் தூக்க வந்த கை. இதில் இன்னும் எத்தனை பேர் ரத்தம்...”

சூசைமாணிக்கம் தாண்டும் பட்டனை அமுக்கினார்.

சேந்தனின் வாய் பாதியில் மூடிக்கொண்டது. காட்சி போய்விட்டது.

அவர் விழுந்து கிடந்தவனைக் காட்டினார்.

“டீச்சர், அவனைத் திரும்ப எழுப்ப முடியுமா?”

“முடியும்ணா.”

“எந்தப் பட்டன்?”

“பட்டன் இல்ல. ஆட்டத்தை முதல்ல இருந்து தொடங்கணும்.”

“அப்போ எல்லாரையும் மறுபடி...”

“எழுபத்தாறு பேரையும்.”

அவர் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவும் இல்லை, ஆடவும் இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு அப்பால் அண்ணன் இருக்கிறான். இரண்டு வருஷமாக அவர் எழுதி எழுதி மீட்கப் பார்த்த அண்ணன். அந்தப் பக்கம் ஒரு அடி வைக்க அவருக்குக் கால் எழவில்லை.

கீழே இருந்து லிப்டு வருகிற சத்தம் கேட்டது. மயில்சாமி வந்தார். மணி சரியாக ஐந்து.

“ஏனுங்க நாடகக்காரரே, நீங்களே ஆடிட்டு இருக்கீங்களா! பரவால்லையே.” பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சரி சொல்லுங்க. கதையா, சுடறதா?”

சூசைமாணிக்கம் கன்ட்ரோலரை மேசையில் வைத்தார்.

“ஏழாவது காட்சியை எடுத்திருங்க.”

மயில்சாமிக்குக் காதை நம்பமுடியவில்லை. “அதைத் தொட்டா ஊருக்குப் போயிருவேன்னு போன மாசம் சண்டை போட்டீங்களே!”

“போட்டேன். இப்போ அதை நானே தாண்டிட்டேன்.”

“அப்ப மத்த பத்து?”

“ஆடிப் பாத்துட்டுச் சொல்லுதேன்.”

“சுடறது?”

அவர் வாயைத் திறந்தார். காலையில் பாதிக் காவலாளியை எடுக்கச் சொல்வதாக இருந்தவர்தான். மூடிக்கொண்டார்.

மயில்சாமி திரையைப் பார்த்தார். விழுந்து கிடந்தவனின் பக்கத்தில் துப்பாக்கி எதையும் காணோம். தொழில்காரர், கண் கூர்மை.

“இவன்கிட்ட ஆயுதம் இல்லையே? கோளாறா?”

அவர் ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார்.

“அட, முப்பத்தெட்டு பேரும் இந்த வாசல்லதான் ஆட்டத்தை விட்டிருக்காங்க. எல்லாம் இவனைப் பாத்துத்தான் எந்திரிச்சுப் போனாங்களா?” அவர் முகத்தில் கோபமா, வேறு ஏதாவதா, சொல்ல முடியாது. “ஒரு துப்பாக்கி குடுத்தா முடிஞ்சு போற சமாச்சாரமுங்களே இது. அஞ்சு நிமிச வேலை. இதுக்கா நான் ரெண்டு வாரமாத் தூங்காமக் கெடந்தேன்? நாடகக்காரரே, குடுத்தரலாமுங்களா?”

சூசைமாணிக்கம் ‘சரி’ என்று சொன்னால் போதும். பிழையும் மறையும். முப்பத்தெட்டு பேரும் வாசலைத் தாண்டிப் போவார்கள். மீதிக் காட்சிகளையும் ஒருவேளை பார்ப்பார்கள். அவர் பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும்.

அவருக்குச் சொல்ல வரவில்லை. மாட்டேன் என்றும் சொல்ல வரவில்லை. திரும்பித் தன் டீச்சரைப் பார்த்தார்.

மயில்சாமியும் அவள் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு அம்மிணி. இந்தத் தீவு பூராவும் நீ கட்டுனது. வாசலுக்கு அந்தாண்ட இருக்கற கோட்டை, அவங்க அண்ணன் இருக்கற ரூமு, அத்தனையும் உன் கையில வந்தது. அதையெல்லாம் ஒருத்தன் பாக்கணும்னா இவனைத் தாண்டித்தான ஆகணும்? நீ எத்தனை தடவை தாண்டிப் போயிருப்பே?”

பானு விழுந்து கிடந்தவனைப் பார்த்தாள்.

“ஆளுகளை நிறுத்தறதுக்கு முன்னாடி நூறு தடவை போயிருக்கேனுங்க. இவன் வந்து நின்னதுக்கு அப்புறம் போகல.”